ஜனாதிபதி முறையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பது?

இலங்கையில் 2024 நவம்பர் 14ஆம் திகதி நடந்த பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்திக்கு 225 ஆசனங்களில் 159 கிடைத்தன. அரசியலமைப்பைத் திருத்துவதற்கு வேண்டியது 150. விகிதாசாரத் தேர்தல் முறை வந்த பிறகு இதற்கு முன் எந்தக் கட்சியும் தேர்தலிலேயே இந்த எண்ணைத் தனியாகத் தாண்டியதில்லை. 2010இல் 144 வரையும் 2020இல் 145 வரையும் வந்து நின்றார்கள், அவ்வளவுதான்.

நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்று தேசிய மக்கள் சக்தியின் விஞ்ஞாபனத்தில் இருக்கிறது. இதே வாக்குறுதியை 1994இல் சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க 1995 ஜூலை 15 என்று நாள் குறித்தே கொடுத்தார். 2015இல் மைத்திரிபால சிறிசேனவும் கொடுத்தார். முறை இன்றும் அப்படியே இருக்கிறது. முப்பது வருடமாக "ஒழிக்க வேண்டுமா, வேண்டாமா" என்று பேசியாகிவிட்டது. ஒழித்தால் அந்த அதிகாரம் எங்கே போகும் என்பதைப் பற்றி, குறிப்பாகத் தமிழ்ப் பக்கத்தில், போதிய பேச்சே இல்லை. அது எனக்குப் பெரிய கவலை. ஏனென்றால் மாற்றம் வந்தால் இந்தத் தடவைதான் வரும். வரும்போது நாங்கள் ஆயத்தமில்லாமல் இருந்தால் கொழும்பு எழுதுவதைத்தான் வாசிக்க வேண்டிவரும்.

இலங்கைக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. இப்போது உள்ளதை வைத்திருப்பது. 19ஆவது திருத்தம் செய்த மாதிரி அதிகாரத்தை வெட்டிக் குறைப்பது. 1947 முதல் இருந்த பிரதமர் முறைக்குத் திரும்புவது. தென்னாபிரிக்காவைப் போல பாராளுமன்றமே ஜனாதிபதியைத் தெரிவு செய்வது. இவற்றை ஒப்பிட நான் மூன்று கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். மேலே இருப்பவர் பிழையான முடிவு எடுக்கும்போது அன்றைக்கே "இல்லை" என்று சொல்ல யாருக்கு அதிகாரம் உண்டு? பதவிக்காலம் முடிவதற்கு முன்னால் அவரை எப்படி இறக்குவது? அப்புறம், ஒருவர் தமிழருக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்ததை அடுத்தவர் இன்னொரு கையெழுத்தால் எடுத்துவிட முடியுமா?

முதலில் இருப்பதையே எடுத்துக்கொள்வோம். 1978 அரசியலமைப்பின் 30ஆவது உறுப்புரைப்படி ஜனாதிபதிதான் அரசின் தலைவர், அரசாங்கத்தின் தலைவர், ஆட்சித்துறையின் தலைவர், முப்படைகளின் தளபதி. பிரான்சைப் பார்த்துச் செய்தது என்று சொல்வார்கள். ஆனால் பிரான்சில் அரசாங்கத்தை நடத்துபவர் பிரதமர். பாராளுமன்றத்தில் ஜனாதிபதியின் எதிர்க்கட்சி பெரும்பான்மை பெற்றால் ஜனாதிபதி ஒதுங்கி நிற்க வேண்டும். இங்கே அமைச்சரவைக்கும் ஜனாதிபதியே தலைமை தாங்குகிறார். அமைச்சுகளையும் வைத்துக்கொள்ளலாம். இன்றுகூடப் பாதுகாப்பும் நிதியும் ஜனாதிபதியிடமே இருக்கின்றன.

பாராளுமன்றத்தின் மனம்போன போக்குக்கு ஆடாத நிலையான ஆட்சித்துறை இருந்தால்தான் பொருளாதாரம் வளரும் என்று ஜே.ஆர். ஜயவர்தன 1966இலேயே பேசினார். 1978 பெப்ரவரி 4ஆம் திகதி ஜனாதிபதியாகப் பதவியும் ஏற்றார். ஆனால் அவர் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட வரவுசெலவுத் திட்டம் 1977 நவம்பரில் வந்தது. அப்போது அவர் பிரதமர். 168 ஆசனங்களில் 140ஐ வைத்திருந்த ஒரு பிரதமருக்கு எந்த முடிவை எடுக்கவும் தடை இருக்கவில்லை. ஆக, ஜனாதிபதி முறை அவருக்குக் கொடுத்தது வேறு ஒன்று. 1982 டிசம்பரில் பொதுத் தேர்தலை நடத்தாமல், பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடம் நீடிக்கச் சர்வஜன வாக்கெடுப்பு நடத்தினார். தன்னுடைய கட்சி உறுப்பினர்களிடம் திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். அந்த நீடித்த பாராளுமன்றம்தான் 1983 ஓகஸ்டில், பிரிவினையை ஆதரிக்க மாட்டோம் என்று உறுப்பினர்களிடம் சத்தியம் கேட்ட ஆறாவது திருத்தத்தைக் கொண்டுவந்தது. தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். வடக்கு கிழக்கின் தெரிவான குரல் சபையில் இல்லாமற் போன வருடம் அது. அதற்குப் பிறகு நடந்ததை நான் இங்கே சொல்லத் தேவையில்லை.

எனது முதல் கேள்விக்கு அண்மைக் காலத்திலேயே பதில் இருக்கிறது. 2019 டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து வற் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதத்துக்கு இறங்கியது. கோட்டாபய ராஜபக்ஷ பதவியேற்று இரண்டு வாரம் ஆகியிருந்தது. 2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்யும் அறிவிப்பு வந்தது. தோட்டத்திலும் வயலிலும் என்ன ஆகும் என்று விவசாய விஞ்ஞானிகள் சொன்னார்கள். அதைச் சபையில் அவர் முகத்துக்கு நேரே கேட்க ஒருவராலும் முடியவில்லை, ஏனென்றால் ஜனாதிபதி சபை உறுப்பினர் அல்ல. அந்த வருட நவம்பரில் தடையை நீக்கினார்கள். அதற்குள் ஒரு போகம் போய்விட்டது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது.

இரண்டாவது கேள்விக்கும் இந்த முறையிடம் நல்ல பதில் இல்லை. 38ஆவது உறுப்புரையில் குற்றப்பிரேரணை இருக்கிறது. ஆனால் மூன்றில் இரண்டு, நடுவில் உயர் நீதிமன்ற விசாரணை, திரும்பவும் மூன்றில் இரண்டு. 1991இல் பிரேமதாசவுக்கு எதிராக லலித் அத்துலத்முதலியும் காமினி திஸாநாயக்கவும் முயன்றார்கள். சபாநாயகரைத் தாண்டிப் போகவில்லை. இந்த வழியால் ஒரு ஜனாதிபதியும் இதுவரை பதவி இழந்ததில்லை. கோட்டாபயவை இறக்கியது 2022 ஜூலை 9ஆம் திகதி கொழும்பில் திரண்ட சனம். அரசியலமைப்பில் வாசல் இல்லாததால்தான் ஆட்கள் மதிலேறினார்கள்.

இந்த முறைக்கு ஆதரவாகத் தமிழ், முஸ்லிம் தரப்பில் நெடுநாளாகச் சொல்லப்படும் வாதம் ஒன்று இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. நாடு முழுவதும் ஒரே தொகுதியாக, பாதிக்கு மேல் வாக்கு எடுக்க வேண்டியிருப்பதால், எந்த வேட்பாளரும் எங்களிடம் வந்தே ஆக வேண்டும் என்பது அந்த வாதம். 2015இல் சிறிசேன 51.28 வீதத்தால் வென்றபோது அது சரிபோலத்தான் இருந்தது. வடக்கும் கிழக்கும் வாக்களிக்காவிட்டால் அவர் தோற்றிருப்பார். 2005இல் அதன் மறுபக்கமும் தெரிந்தது. விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பால் வடக்கு வாக்களிக்கவில்லை. மஹிந்த ராஜபக்ஷ 50.29 வீதம் எடுத்து வென்றார்.

2019இல் இந்த வாதம் உடைந்தது. வடக்கு கிழக்கு மாவட்டங்கள் அத்தனையும் நுவரெலியாவும் சஜித் பிரேமதாசவுக்கு வாக்களித்தன. கோட்டாபய அவை இல்லாமலே 52.25 வீதம் எடுத்தார். ஒரு தடவை அப்படி வென்று காட்டியாகிவிட்டது என்றால், அடுத்த பெரும்பான்மை வேட்பாளருக்கு எங்களிடம் வருவதா விடுவதா என்பது அவருடைய விருப்பம். எங்கள் வாக்குக்கு நிரந்தர விலை இருக்கிறது என்று நம்பி இந்த முறையைக் காப்பாற்றுவது பிழையான கணக்கு. அப்படி வென்றவரின் கையில் என்ன அதிகாரம் இருந்தது என்பதையும் பார்த்தோம். 2000 டிசம்பரில் மிருசுவிலில் எட்டுப் பொதுமக்களைக் கொன்ற வழக்கில் மரணதண்டனை பெற்றிருந்த இராணுவச் சிப்பாய், அந்தத் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதிசெய்த பிறகும், 2020 மார்ச்சில் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். ஒரு கையெழுத்துப் போதுமாக இருந்தது.

அதே கையெழுத்தின் பலம் 1987இல் எங்களுக்குச் சார்பாக இருந்தது என்றும் சொல்வார்கள். உண்மைதான். 1957இல் தமிழ்த் தலைவர் செல்வநாயகத்துடன் அதிகாரப் பகிர்வு ஒப்பந்தம் செய்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க அடுத்த வருடமே பிக்குமாரின் எதிர்ப்புக்குப் பணிந்து அதைக் கைவிட்டார். 1965இல் டட்லி சேனநாயக்க செய்த ஒப்பந்தமும் அப்படியே போனது. இரண்டு பேரும் பிரதமர்கள். கட்சி ஆட்டம் கண்டால் பதவி போய்விடும். ஜே.ஆரோ, தன்னுடைய பிரதமரே எதிர்த்தபோதும், 1987 ஜூலை 29ஆம் திகதி இந்திய இலங்கை ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டார். 13ஆவது திருத்தமும் மாகாண சபைகளும் வந்தன.

ஆனால் அப்படி வந்தது எப்படி நின்றது? வடக்கையும் கிழக்கையும் இணைத்தது ஒரு ஜனாதிபதிப் பிரகடனம். அது வந்த விதம் செல்லாது என்று 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007 ஜனவரி முதலாம் திகதி இரண்டு மாகாணங்களும் பிரிந்தன. காணி, பொலிஸ் அதிகாரங்கள் 13ஆவது திருத்தத்தில் எழுதப்பட்டே இருக்கின்றன. அதற்குப் பிறகு வந்த எந்த ஜனாதிபதியும் அவற்றைக் கையளிக்கவில்லை. தேர்தலே நடத்தாமல் விட்டால் யார் கேட்பது? 2019க்குப் பிறகு நாட்டில் ஒரு மாகாண சபையும் இயங்கவில்லை. ஒன்பதையும் ஆளுநர்கள்தான் நடத்துகிறார்கள். தனியொருவரின் துணிச்சலில் வந்த உரிமை அடுத்தவரின் அலட்சியத்தில் தேய்ந்து போனது. எனக்கு இந்த ஒரு வரலாறே போதும்.

இரண்டாவது வழி, வெட்டிக் குறைப்பது. 2015இல் 19ஆவது திருத்தம் பதவிக்காலத்தை ஐந்து வருடமாக்கியது. நாலரை வருடத்துக்கு முன்னால் பாராளுமன்றத்தைக் கலைக்க முடியாது என்றது. நீதிபதிகள், பொலிஸ் மா அதிபர், ஆணைக்குழுக்கள் ஆகிய நியமனங்களுக்கு அரசியலமைப்புப் பேரவையை நடுவில் வைத்தது. இதன் பலனைச் சாதாரணமாக எண்ண முடியாது. 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி சிறிசேன திடீரென்று ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மஹிந்தவைப் பிரதமராக்கி, பிறகு பாராளுமன்றத்தையும் கலைத்தபோது, டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக அது செல்லாது என்றார்கள். ஜனாதிபதியின் முகத்துக்கு நேரே "இல்லை" என்று ஒரு நீதிமன்றம் சொன்ன நாள் அது. 19ஆவது திருத்தம் இல்லாமல் அந்தத் தீர்ப்பு இல்லை.

ஆனால் குறைத்த அதிகாரத்தோடு இரண்டு தலைவர்கள் உட்கார்ந்தார்கள். இருவருக்கும் மக்கள் ஆணை, இருவரும் வேறு கட்சி. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, தேசிய பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்குத் தன்னை அழைப்பதில்லை என்று பிரதமரே சொன்னார். முன்கூட்டியே வந்த எச்சரிக்கைக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டக்கூடிய அமைப்பு அது. அந்தக் காலையில் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் இறந்தவர்களை நினைத்தால், ஆட்சித்துறையைப் பிளந்து வைப்பது எவ்வளவு ஆபத்து என்று விளங்கும்.

இந்த வழிக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. 17ஆவது திருத்தம் 2001இல் கொண்டுவந்த அரசியலமைப்புப் பேரவையை 18ஆவது 2010இல் அழித்தது. 19ஆவது 2015இல் திரும்பக் கொண்டுவந்ததை 20ஆவது 2020இல் அழித்தது. 21ஆவது 2022இல் பாதியைத் திரும்பக் கொடுத்தது. நாங்கள் இன்று வாழ்வது அந்தப் பாதியில்.

மூன்றாவது வழி பழைய பிரதமர் முறை. தென்னிலங்கையில் பலர் இதைத்தான் நினைக்கிறார்கள்: பெயருக்கு ஒரு ஜனாதிபதி, பாராளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் பிரதமரும் அமைச்சரவையும். இரண்டாவது கேள்விக்கு இது நன்றாகவே பதில் சொல்லும். 1964 டிசம்பரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் சிம்மாசனப் பிரசங்க வாக்கெடுப்பில் ஒரேயொரு வாக்கால் தோற்றது. தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது, ஒருவரும் மதிலேற வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இந்த முறை எங்களுக்கு என்ன செய்தது என்பதை மறந்துவிட்டு ஏக்கத்தோடு பேச முடியாது. மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948 சட்டம், 1956 தனிச் சிங்களச் சட்டம், எழுபதுகளில் வந்த பல்கலைக்கழகத் தரப்படுத்தல், எல்லாம் பிரதமர்களின் காலத்து வேலை. 1970இல் பெரிய பெரும்பான்மையோடு வந்த சிறிமாவோ அரசாங்கம் 1972 அரசியலமைப்பை எழுதி, சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாக இருந்த 29ஆவது பிரிவை விட்டுவிட்டது. தனது ஆயுளை 1977 வரை நீட்டிக்கொண்டது. மூன்றில் இரண்டு பெரும்பான்மை வைத்திருக்கும் பிரதமர் எந்த ஜனாதிபதிக்கும் குறைந்தவர் அல்ல. இன்று சபையில் அப்படியொரு பெரும்பான்மை இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இதற்கும் முன்னால், பிரித்தானியர் ஆட்சியில் டொனமூர் அரசியலமைப்பு இருந்த காலத்தில் வேறொரு வடிவமும் இருந்தது. 1931இலிருந்து அரசாங்க சபை உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தெரிவுசெய்ய, அவர்கள் அமைச்சர்களானார்கள். எல்லோருக்கும் ஆட்சியில் பங்கு என்பது எண்ணம். 1936இல் ஏழு தலைவர்களும் சிங்களவர்களாகவே வரும்படி குழுக்கள் நிரப்பப்பட்டன. கட்டமைப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், எண்ணிக்கையை மட்டும் நம்பும் இடத்தில் அது நிற்காது என்பதற்கு இலங்கையிலேயே கிடைத்த முதல் சாட்சி அது.

நான்காவது வழியைப் பற்றித்தான் தமிழில் குறைவாக எழுதப்படுகிறது. தென்னாபிரிக்காவில் மக்கள் பாராளுமன்றத்தைத் தெரிவு செய்கிறார்கள். பாராளுமன்றம் தன் உறுப்பினர்களில் ஒருவரை ஜனாதிபதியாகத் தெரிவு செய்கிறது. அவரே அரசின் தலைவர், அரசாங்கத்தின் தலைவர். ஆக, ஆட்சித்துறைக்குத் தலை ஒன்றுதான். 2018 ஒக்டோபர் அங்கே நடக்க வழியில்லை. சபையின் சாதாரணப் பெரும்பான்மை நம்பிக்கையில்லாப் பிரேரணையை நிறைவேற்றினால் அவரும் அமைச்சரவையும் போக வேண்டும். பலமான அரசியலமைப்பு நீதிமன்றமும் இருக்கிறது: 2016 மார்ச்சில் அது ஜேக்கப் சூமா அரசியலமைப்பைக் காக்கத் தவறினார் என்று தீர்ப்பளித்தது.

குறையும் உண்டு. அதே சூமா 2017 ஓகஸ்டில் இரகசிய வாக்கெடுப்பில்கூட 198க்கு 177 என்று தப்பினார். ஆளும் கட்சி கெட்டியாக நின்றால் பிரேரணை வெறும் சடங்காகிவிடும். ஆனால் 2018 பெப்ரவரியில் கட்சி கைவிட்டதும், அடுத்த பிரேரணைக்கு முன்னாலேயே அவர் பதவி விலகினார். 2024 தேர்தலில் ஆளும் கட்சிக்கு ஏறக்குறைய 40 வீதம்தான் கிடைத்தது. சிறில் ரமபோசா எதிர்க்கட்சிகளோடு பேசி, பங்கு கொடுத்து, அவர்களுடைய வாக்கோடு திரும்ப ஜனாதிபதியானார்.

இலங்கைக்கு இது பொருந்துமா? ஒரு தடவை நடந்தே இருக்கிறது. கோட்டாபய போன பிறகு 2022 ஜூலை 20ஆம் திகதி ரணிலை 134 வாக்குகளால் தெரிவு செய்தது பாராளுமன்றம்தான். அந்தச் சபை மக்களின் நம்பிக்கையை இழந்திருந்தது என்பது வேறு விடயம். விகிதாசார முறையில் எங்கள் பேரம் பேசும் பலம் தேர்தல் இரவில் மட்டுமல்லாமல் ஐந்து வருடமும் சபைக்குள் இருக்கும் என்பதும் முக்கியம். 2018 டிசம்பர் 12ஆம் திகதி ரணிலுக்கான நம்பிக்கைப் பிரேரணைக்கு 117 வாக்குகள் விழுந்தன. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு இல்லாவிட்டால் பெரும்பான்மைக்கு வேண்டிய 113ஐத் தொட்டிருக்காது. அந்த நாளில் அதற்கு என்ன விலை கேட்டார்கள், எதை எழுத்தில் வாங்கினார்கள் என்பது தனியாகப் பேச வேண்டியது.

கட்சி தாவலுக்குப் பேர்போன நாட்டில் சாதாரணப் பெரும்பான்மையால் ஆட்சியைக் கவிழ்க்கலாம் என்றால் சந்தைதான் நடக்கும் என்ற பயம் நியாயமானது. அதற்கு ஜெர்மனியிடம் மருந்து இருக்கிறது. அங்கே அரசாங்கத் தலைவரான சான்சலரை நீக்க வேண்டுமென்றால், அதே வாக்கெடுப்பில் அடுத்தவரைப் பெயர் சொல்லித் தெரிவு செய்ய வேண்டும். 1949இலிருந்து ஒரேயொரு தடவைதான் அது வென்றிருக்கிறது, 1982இல் ஷ்மித்தை நீக்கி கோலைக் கொண்டுவந்தபோது. கவிழ்ப்பதற்காக மட்டும் கூடுகிறவர்களை அது தடுக்கும்.

ஆகவே என் தெரிவு நான்காவது வழி, ஜெர்மன் நிபந்தனையோடு. ஆனால் இதோடு சேர்ந்து வர வேண்டிய ஒன்றை விட்டால் எங்களுக்கு இந்த நான்கும் ஒன்றுதான். அது ஆளுநர். 154ஆவது உறுப்புரைகளின்படி மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் ஆளுநரிடம் இருக்கிறது. அவரை நியமிப்பது ஜனாதிபதி, அவர் பதவியில் இருப்பது ஜனாதிபதி விரும்பும் வரை. 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம் மாகாண அரச அலுவலர்களின் நியமனம், இடமாற்றம், பணிநீக்கம் எல்லாவற்றையும் ஆளுநரிடமே கொடுத்திருக்கிறது. மாகாண சபை இயற்றும் நிதி நியதிச்சட்டத்துக்கும் அவருடைய சிபாரிசு வேண்டும். 2009 முதல் 2015 வரை வடக்கின் ஆளுநர் ஒரு ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல். மக்கள் 2013இல் முதலமைச்சரைத் தெரிவு செய்த பிறகும் அவர்தான் அங்கே இருந்தார். கொழும்பில் ஜனாதிபதியை எடுத்துவிட்டுப் பிரதமரை வைத்தால், ஆளுநர் பிரதமரின் ஆளாகிவிடுவார். அலுவலகத்துப் படத்தை மட்டும் மாற்றுவார்கள். முதலமைச்சரின் ஆலோசனைப்படிதான் ஆளுநர் நடக்க வேண்டும் என்றும், மாகாணத் தேர்தலை இவ்வளவு காலத்துக்குள் நடத்தியே ஆக வேண்டும் என்றும் அதே திருத்தத்தில் எழுதப்பட வேண்டும்.

நடைமுறையில் இது எளிதல்ல. ஜனாதிபதியின் நிறைவேற்று அதிகாரத்தை வேறொருவரிடம் மாற்றினால் சர்வஜன வாக்கெடுப்பு வேண்டும் என்று 2015இலேயே உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 19ஆவது திருத்த வரைவிலிருந்து அந்தப் பகுதிகளைக் கழற்றினார்கள். எனவே 150 கைகளும், நாடு முழுவதும் பாதிக்கு மேல் வாக்கும் தேவை. வாக்கெடுப்புக்குப் பயந்து ஆளுநர் விடயத்தைக் கழற்றிவிட்டு, "ஜனாதிபதி முறை முதலில், மாகாணம் பிறகு" என்று வரும் சாத்தியம்தான் அதிகம். நான்காவது வழி அந்த வடிவத்தில் வந்தால், மாகாண சபைத் தேர்தலுக்குத் திகதி குறிக்கப்பட்டிருந்தால் மட்டும் ஆதரிப்பேன். மூன்றாவது வழி, அதாவது வெறும் பிரதமர் முறை, அப்படித் தனியாக வந்தால் எதிர்த்து வாக்களிப்பேன். 21ஆவது திருத்தத்தின் பாதிப் பாதுகாப்போடு இன்னும் கொஞ்சக் காலம் இருந்துவிடலாம். தமிழ்க் கட்சிகள் தங்கள் நிலைப்பாட்டை வரைவு வெளிவந்த பிறகு தேடாமல் இப்போதே எழுத்தில் வைத்தால், எந்த வடிவத்துக்கு எத்தனை கைகள் என்று அரசாங்கம் கணக்குப் பார்க்கும்போது அதையும் சேர்த்தே பார்க்க வேண்டிவரும்.